செருப்பைக் கழற்றச் சொன்ன டாக்டர்

தலைமை மருத்துவர் அவர்களே, டாக்டரம்மாவின் கணவரே, மகளே, அவரோடு உழைத்த தோழர்களே, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே! வணக்கம்.

நம் குழந்தைகள் இதய மருத்துவருக்குப் பக்கத்தில் பதினேழு ஆண்டுகள் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தவன் நான். அவருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்! 'செருப்பு டாக்டர்.' எந்தப் பிள்ளை வந்தாலும், "செருப்பைக் கழட்டுடா கண்ணு" என்பதுதான் முதல் பேச்சு. உயரத்தையும் எடையையும் தம் கையாலேயே எடுப்பார்.

"மேடம், வெளிய நாப்பது பேர் நிக்கிறாங்க" என்று சலித்துக்கொள்வேன்.

"நிக்கட்டும். சட்டை பெருசா சின்னதான்னு போட்டுக்கிற பிள்ளையைப் பாத்துதானே சொல்லணும்? இதயமும் அப்படித்தான்" என்பார்.

ஒருநாள் அவர் விடுப்பு. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், பள்ளியின் ஓட்டக்காரி. அவசரத்தில் போன வருட ஃபைலில் இருந்த உயரத்தையும் எடையையும் அப்படியே கணினியில் போட்டேன். இடையில் அவள் பதினொரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். பத்து கிலோ கூடியிருந்தாள். பழைய சின்ன உடம்புக்கு இந்த இதயம் பெரிது என்றது கணினி. அதை நம்பி, இனி ஓடக் கூடாது என்று டியூட்டி டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். ஷூ பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

மறுநாள் அறிக்கையைப் பார்த்த டாக்டரம்மா, தாமே போன் செய்து அவளை வரவழைத்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். அளந்தார். எக்கோவையும் திரும்ப எடுத்தார். அதே இதயம்தான்! கணினியில் போட்ட உடம்பின் அளவு மட்டும்தான் இப்போது சரி.

"உன் இதயம் உனக்கு அளவாத்தான் இருக்கும்மா. போய் ஓடு!"

"யார் மேடம் தப்பு பண்ணது?" அவள் அப்பா கொதித்தார்.

"என் பிரிவுல நடந்த தப்பு. நான்தான் பொறுப்பு. மன்னிச்சிடுங்க."

கதவோரம் நான் அந்தப் பழைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போனதும் என்னிடம் கேட்டார்: "முகமே சரியில்லையே. காலைல சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். இப்படி ஒருவரை இனி எங்கே போய்த் தேடுவேன்?

ஏழு ஆண்டுகளாக விழுங்கி வைத்திருந்ததை இன்று சொல்கிறேன். அந்தத் தவறு என்னுடையது. மூன்றாவது வரிசையில் இருக்கும் அந்த அப்பாவும் மகளும் என்னை மன்னிக்க வேண்டும்.

டாக்டரம்மா! உங்களுக்குச் சிலை வைக்க எங்களால் ஆகாது. நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் பிள்ளை வரும். வெளியே நாற்பது பேர் நிற்பார்கள். நிற்கட்டும். பழைய ஃபைலை மூடி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்வேன்.