பனிமலைக்குப் போகமுன் பிழை சொல்லப் பழக்கிய குணவதி

மேடையில் இருக்கும் தலைவர் நவரட்ணம் அவர்களே, இந்தத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை எங்களுக்குத் திறந்துவிட்ட பாதிரியார் அவர்களே, வேலை முடிந்து அந்த உடுப்போடேயே வந்து உட்கார்ந்திருக்கும் என் சகோதரங்களே, பிள்ளைகளே! பரிமளத்தின் வணக்கம்.

என்னுடைய மூத்த பேத்தி வங்கியில் சேர்ந்து எட்டு மாதம். இப்போதே அவளுக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அடுத்தவன் வாட்டர்லூவில் பொறியியல் இரண்டாம் வருசம், கணக்கில் தொண்ணூற்றாறு. கடைசிப் பேத்தி சிவகௌரிக்குப் பத்தொன்பது வயது. தாதிமார் படிப்பில் வகுப்பிலே மூன்றாவதாக வந்தாள். பனிச்சறுக்கிலும் ஒரு பத்திரம் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இரங்கல் கூட்டத்தில் வந்து நின்று தன் வீட்டுப் புழுகு புழுகுகிறாளே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பொறுங்கள், சொல்கிறேன். அந்த வங்கி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார்? பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் பதிந்தது யார்? ஊரில் பனியையே காணாத சிவகௌரிக்குத் தன் பழைய பனிச்சறுக்குச் சப்பாத்தைக் கொடுத்து, "விழு பிள்ளை, விழுந்து எழும்பு" என்று சொன்னது யார்? தாதி குணவதி! எங்கள் விளையாட்டுக் கழகத்தின் குளிர்காலப் பகுதிச் செயலாளர் குணவதி! எங்களுக்குப் பத்து வருசம் முந்தி இந்த நாட்டுக்கு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்ட குணவதி!

பத்தொன்பது நாளுக்கு முன், தான் வேலை செய்த வார்டிலேயே, தலையில் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தாள். நாற்பத்திநாலு வயது. அதைச் சொல்லி அழ எனக்கு வேறு நாள் இருக்கிறது. இன்றைக்கு ஒரு முடிவு சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் கழகத்து ஏழு பேர் வருகிற சனிக்கிழமை பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குப் போக இருந்தார்கள். உங்களுக்குத் தெரியும். வழிகாட்டி ஒருவரோடு ஒரு நாள் பனிச்சறுக்கு. சறுக்குகிறவர்களை மேலே இழுத்து ஏற்றும் கம்பி இல்லாத மலை, ஆள் நடமாட்டம் இல்லாத மலை. பனி சரிந்து வந்தால் மனிதரை மூடிவிடும். அதிலிருந்து தப்புகிற விதத்தைப் படிக்கவென்றே போகிற பயணம். ஏழு பேரில் இப்போது ஆறு பேர். வருகிறீர்களா இல்லையா என்று நாளைக்கு மத்தியானத்துக்கு முன் அந்த வழிகாட்டிக்குச் சொல்ல வேண்டும்.

"ஒழுங்கு செய்தவளே போய்விட்டாள், இனி என்ன பயணம்?" என்று தேத்தண்ணி மேசையில் கதை நடக்கிறது. அந்தக் கதையைத் தொடக்கிவிட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

எனக்கு முதலிலிருந்தே பயம். வழிகாட்டி அனுப்பிய கடிதத்தைக் குணவதி இதே மண்டபத்தில் தமிழில் வாசித்துக் காட்டினாள். மண்வெட்டி, நீளமான குத்துக்கம்பி, நெஞ்சிலே கட்டுகிற சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி ஓயாமல் சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். ஆள் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டியின் சுவிச்சைக் கேட்கிற பக்கம் திருப்பி, சத்தம் வருகிற இடத்தைத் தேடித் தோண்ட வேண்டுமாம். சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்று வாசித்தாளே, அப்போது எழும்பிவிட்டேன்.

"உதென்ன கதை பிள்ளை? எண்பத்திமூண்டுக் கலவரத்திலை நாங்கள் பதினொரு பேர் ஒருத்தற்ரை கையை ஒருத்தர் விடாமல் பிடிச்சுக்கொண்டுதான் தப்பினனாங்கள். என்ரை பேத்தியைத் தனிய விடவோ?"

குணவதி கோபிக்கவில்லை. கடிதத்தை மடித்துவிட்டுச் சொன்னாள்:

"தனிய விடேல்லை அன்ரி. ஒராள் கடக்கேக்கை ஆறு பேர் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிக்கினம். ஏழு பேரும் கை கோத்துக்கொண்டு போய், ஏழு பேரும் புதைஞ்சால் ஆர் அன்ரி தோண்டுறது?"

திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பயம் மட்டும் அடங்கவில்லை.

பிறகு மாசி மாத முதல் ஞாயிறு, இங்கே ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பூங்காவில் பழகினார்கள். நான் சுடுதண்ணிப் போத்தலோடு வாங்கிலில் இருந்து பார்த்தேன். புறப்பட முன் எல்லாருடைய பெட்டியையும் சோதிக்கிற வேலை சிவகௌரிக்கு. ஒவ்வொருவராக அவளைக் கடந்து நடக்க, அவள் தன் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டாள். "சரி" என்றாள். அதை நம்பிக் குணவதி, ஏழு பேரில் ஒருவராய் இதோ முன்வரிசையில் இருக்கும் இக்னேசியஸ் அண்ணையின் பெட்டியைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, மரங்களுக்குப் பின்னால் பனிக்குள் புதைத்தாள். தேடுங்கோ என்றாள்.

தேடினார்கள், தேடினார்கள்! நாற்பது நிமிசம்! அரை மணித்தியாலம் தாண்டினால் புதைந்தவர்களில் பாதிப்பேர்தான் உயிரோடு வருவார்கள் என்று வாசித்தவள் அவள். கடைசியில் தானே போய்த் தோண்டி எடுத்தாள். பெட்டியின் சுவிச் கேட்கிற பக்கத்தில் திருப்பியபடி கிடந்தது. சத்தமே அனுப்பவில்லை.

"காலமை இதைச் சோதிச்சது ஆர்?"

சிவகௌரி தலையைக் குனிந்தாள். "சத்தம் வரேல்லை எண்டு தெரியும் அன்ரி. அண்ணை பெரியவர். அவருக்குத் தெரியாமலிருக்குமோ எண்டு... எப்பிடிச் சொல்லுறது?"

சபையோரே! நம்முடைய வீடுகளில் வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்? பெரியவரிடம் பிழை சொல்லாதே என்று வளர்த்தது யார்? நான்தானே!

குணவதிக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "மரியாதையோ! அண்ணையைப் பனிக்குள்ளை புதைச்சுப்போட்டு, மேலை நிண்டு மரியாதை குடுக்கப்போறியோ?" என்று கத்தினாள். பிறகு பிள்ளையை அண்ணைக்கு முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்தாள். "அண்ணை, உங்கட பெட்டி பிழை." காணாது, பலமாக இன்னொருதரம். "அண்ணை, உங்கட பெட்டி பிழை!"

இக்னேசியஸ் அண்ணை காதில் கை வைத்துக்கொண்டு, "கேக்கேல்லைப் பிள்ளை. என்ரை மனிசி பேசுற மாதிரிப் பேசு" என்றார். அழுதுகொண்டு நின்ற பிள்ளை சிரித்துவிட்டது. அன்றைக்கே குணவதி ஒரு சட்டம் போட்டாள். ஆக வயது குறைந்தவர்தான் எல்லாரையும் சோதிப்பது. ஒருவர் "எனக்குச் சரியாப் படேல்லை" என்று சொன்னால் ஏழு பேரும் திரும்புவது. ஏன் என்று கேட்கக் கூடாது. நக்கல் அடிக்கக் கூடாது.

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் இல்லை.

செத்த வீட்டால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நான் சிவகௌரியிடம் சொல்லிவிட்டேன். "இனி அந்த மலைக் கதை வேண்டாம்."

"ஓம் அம்மம்மா" என்றாள். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லையே! பூங்காவில் சத்தம் வராத பெட்டியைக் கேட்டுவிட்டு "சரி" என்ற அதே குரல்தான் இது என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் எனக்கே பிழை சொல்லாத பிள்ளை, மலையில் யாருக்குச் சொல்லப்போகிறாள்? இந்த மலைக்குப் போகாமல் மறிப்பேன். இந்த நாட்டில் அவள் கடக்க வேண்டிய மற்றச் சரிவுகளில் நான் எப்படிப் பின்னால் போய் நிற்பேன்?

முந்தாநாள் அவளைக் கூப்பிட்டு இருத்தினேன். "நான் சொன்னது சரியோ பிழையோ? பெரியவள் எண்டு பாராமல் சொல்லு."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பிழை அம்மம்மா. எனக்கும் பயந்தான். ஆனால் அன்ரி பழக்கினதை அங்கை போய்ச் செய்து பாக்க வேணும். பனி சரியில்லை எண்டு கண்டால் முதல் ஆளா நான்தான் திரும்புவம் எண்டு சொல்லுவன். வழிகாட்டிக்கும் சொல்லுவன்."

என் பேத்தி என்னைப் பிழை என்று சொன்னாள். அவள் வாங்கிய பத்திரங்கள் எல்லாவற்றையும்விட இது பெரிதென்று எனக்குப் பட்டது.

ஆகவே சபையோரே, தேத்தண்ணி மேசையில் நான் தொடக்கிய கதையை இந்த இடத்தில் நானே முடிக்கிறேன். சிவகௌரி போகிறாள். மற்ற ஐந்து வீட்டுக்காரரும் உங்கள் பிள்ளைகளிடம், உங்கள் புருசன் பெண்சாதியிடம் கேளுங்கள். பயம் என்று ஒருவர் சொன்னால் அவரை மறித்துக் கதைக்காதேயுங்கோ. அதுவும் குணவதியின் சட்டந்தான். போகிறவர்கள் எந்தச் சரிவு, எந்த வழி, எத்தனை மணிக்கு இறங்குவது என்று எழுதி என்னிடம் தர வேண்டும். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்க ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன். சொன்ன நேரத்துக்கு மணி அடிக்காவிட்டால் யாருக்கு எடுக்க வேண்டும் என்று பேரன் பெரிய எழுத்தில் எழுதித் தந்திருக்கிறான். குணவதி ஒருவரிடம் ஒப்படைக்க இருந்த அந்த வேலையை இந்த வருசமும், இனி வரும் வருசங்களிலும், கண் தெரியுமட்டும் நான் செய்வேன். இது இந்தச் சபையில் நான் தருகிற வாக்கு.

எனக்குப் பயம் போகவில்லை.

கடைசியாக ஒன்று. சாவகச்சேரியில் குணவதியின் தாய் இருக்கிறா. எங்களிடமிருந்து அந்த மனுசிக்குப் போனது ஒரு தந்தி மட்டுந்தான். நான் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன், ஆனால் அதற்குள் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளைகளே, நீங்கள் மலை இறங்கின பிறகும் அந்தப் பக்கம் நாலு நாள் நின்றுதான் வருவீர்கள். பக்கத்து நகரமான கல்கரியில் அன்றைக்கே படம் கழுவித் தருகிற கடை இருக்காம். ஆறு பேரும் வரிசையாக நின்று ஒரு புதுப் படம் எடுத்து எனக்குத் தபாலில் போட்டுவிடுங்கோ. மலை ஏறமுன் எடுத்த படம் வேண்டாம். இறங்கின பிறகு எடுத்தது.