காலி நாற்காலிக்குப் போட்ட துண்டு

விழுப்புரத்தில் ஏறிய திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற பெண்மணி, பக்கத்தில் நின்ற கணவரிடம் கேட்டார்:

"உன் துண்டு எங்கய்யா?"

"பொண்ணு காலேஜு கண்காட்சியில மாட்டிக்கிச்சு. கண்ணுல வி.ஆர். பொட்டிய மாட்டிவுட்டு, மாடர்ன் ஆர்ட் பாருங்கன்னாங்க. உள்ள பெரிய ஹாலு. நடுவுல ஒத்த நாற்காலி, காலியா கெடந்துச்சு."

"அதுக்கு?"

"காலியா கெடந்தா இன்னா பண்ணுவோம்? துண்டு போட்டேன்."

"பொட்டிக்குள்ளயா?"

"வெளிய அது வாத்தியாரு தலைமேல வுழுந்துச்சு. அவரு கோச்சிக்கல. அந்த நாற்காலிக்குப் பேரு 'இல்லாமை'யாம். இதுக்கு இப்படி ஒரு அர்த்தம் யாருமே சொன்னதில்லன்னு கைதட்டிட்டாரு. துண்டக் கண்ணாடிப் பொட்டியில வச்சி, கீழ என் பேரு எழுதிட்டாங்க."

"கேட்டு வாங்கிக்கினு வர்றதுதானே?"

"தொடக்கூடாதுன்னும் எழுதிட்டாங்களே!"

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. எங்கள் அருகில் ஒருவர் எழுந்தார். கணவர் நகர்வதற்குள், ஜன்னல் வழியாக வெளியிலிருந்து யாரோ வீசிய துண்டு அந்தச் சீட்டில் வந்து விழுந்தது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்றார் மனைவி. "கைதட்டு."