சந்தைச் சுவரில் நாலு கல்

...கைதட்டியது போதும், உட்காருங்கள். சோடா எல்லாருக்கும் வந்துவிட்டதா? சரி. நம் வியாபாரிகள் சங்கத்து வரவு செலவெல்லாம் செயலாளர் பேசுவார். என்னிடம் ஒரு குட்டிக் கதை இருக்கிறது, அதை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.

எந்த ஊர், எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். பெயர் சொன்னால் பாதிப் பேர் கைதட்டுவீர்கள், பாதிப் பேர் எழுந்து போவீர்கள். வியாபாரிக்கு இரண்டுமே நஷ்டம்!

ஒரு ஊரில் தக்காளிச் சந்தை. வாசல் சுவரில் நாலு கல். பார்த்திருப்பீர்களே... 'மாண்புமிகு முதலமைச்சர் இன்னார் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று. முதல் கல்லில் கிணறு வெட்டியவர் பெயர். அடுத்தது ரோடு போட்டவர். மூன்றாவது கரண்டு கொண்டுவந்தவர். நாலாவது லாரி நிற்க இடம் கொடுத்தவர். நாலு பேரும் நாலு காலத்தில் இந்த மாநிலத்தை ஆண்டவர்கள். ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது. மேடை ஏறினால் கிழிகிழியென்று கிழிப்பார்கள். ஆனால் சுவரில்... பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கிறார்கள்!

அந்தச் சந்தைக்கு இல்லாதது ஒன்றுதான். கூரை. ஒரு மழை பெய்தால் தக்காளி அத்தனையும் நாறிப்போகும். அதைக் குப்பையில் கொட்டுவதற்கும் விவசாயிதான் வண்டி வாடகை கொடுக்க வேண்டும்.

அப்போது சேதி வருகிறது. புது முதலமைச்சர் அந்த வழியாகப் போகிறார், சந்தையில் இறங்குகிறார். சங்கத் தலைவர் நாச்சிமுத்துவுக்குத் தூக்கமே போயிற்று. கேட்டு வாங்கினால் கூரை... விட்டால், இன்னும் எத்தனை மழையோ!

முந்தின நாள் ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் வந்து பார்த்தார். கல்லைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"இதென்ன நாச்சிமுத்து? மூணாவது கல்லு யாருதுன்னு தெரியுமா? எங்க தலைவரை ஜெயில்ல போட்ட ஆளு! அந்தப் பேரு கண்ணுல பட்டா கார் நிக்காது. பேத்து எடுங்க!"

"மாவட்டம்... கரண்டு அவருதானுங்க கொண்டாந்தாரு..."

"அப்பக் கூரையும் அவருகிட்டயே கேளுங்க!"

அடித்தார் பாருங்கள்!

அங்கே தக்காளி மண்டி வைத்திருக்கும் வேலாத்தாள் என்ற அம்மா முன்னால் வந்தார். "ஏனுங் மாவட்டம், கல்லை மட்டும் பேத்தாப் போதுங்களா? கரண்டுக் கம்பத்தையும் பேத்து உங்க கார்ல ஏத்தி விடட்டுங்களா?"

சந்தையே சிரித்தது. மாவட்டம் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து என்ன செய்வார்? வியாபாரி இல்லையா... நடுவில் ஒரு வழி பிடித்தார். கல்லை எடுக்க வேண்டாம், மறைத்துவிடலாம். எதை வைத்து? முதலமைச்சர் சிரிக்கிற மாதிரி பெரிய ஃப்ளெக்ஸ்! அதை எவன் குறை சொல்வான்?

மறுநாள் கார் நின்றது. மாலை, பொன்னாடை, வாழ்க கோஷம்... எல்லாவற்றையும் தாண்டி முதலமைச்சர் நேராகச் சுவருக்குப் போனார்.

"எதிர்க்கட்சியில இருந்தப்ப இந்தச் சுவர்ல சாஞ்சுதான் டீ குடிப்பேன். இங்க கல்லு வரிசையா இருக்குமே... எங்கய்யா?"

எல்லாரும் மாவட்டத்தைப் பார்த்தார்கள்.

"அது... பெயின்ட் அடிக்கக் கழட்டியிருக்குங்கண்ணே" என்றார் மாவட்டம்.

வேலாத்தாள் விடுவாரா? "பொய்யிங்க சாமி! எல்லாம் உங்க மூஞ்சிக்குப் பின்னாலதான் இருக்குது!"

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். போச்சு... கூரை போச்சு!

தலைவர் அந்த அம்மாவைப் பார்த்தார். ஃப்ளெக்ஸில் சிரிக்கிற தன்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தாம் பெரிய மூஞ்சி யாருய்யா கேட்டது? அவுத்து விடுங்க."

அவிழ்த்தார்கள். ஒவ்வொரு கல்லாக வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது கல்லில் கையை வைத்தார்.

"இவரு என்னைய உள்ள தூக்கிப் போட்டாரு. அந்தக் கோவம் இன்னும் போகல. ஆனா எங்க வீட்டுல முதல் பல்பு எரிஞ்சது இவர் ஆட்சியிலதான். எங்கம்மா அந்த வெளிச்சத்துல என்னைப் பார்த்து, 'நீ மேடைக்கு மேடை வையற ஆளாடா இதைக் கொண்டாந்தது?'ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?"

பிறகு திரும்பி, நாச்சிமுத்து கையிலிருந்த மனுவை வாங்கிப் படித்தார். "கூரைதானே? போட்டுத் தர்றேன்."

நாச்சிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்க கல்லை எல்லாத்துக்கும் மேல வெச்சுடறோமுங்க!"

"மேல வேண்டாம். வரிசையில கடைசியா வை. அதுக்குப் பக்கத்துல இன்னொரு கல்லுக்கு இடம் விடு."

"எதுக்குங்கய்யா?"

"எனக்கப்புறம் ஒருத்தன் வருவான்ல? இன்னைக்கு நான் இவரைப் பேத்தா நாளைக்கு அவன் என்னைப் பேத்துருவான். என் கல்லு நிக்கணும்னா இவங்க கல்லு நிக்கணும். நானும் கணக்குப் பாத்துத்தான்யா சொல்றேன்!"

கேட்டீர்களா? நீங்கள் இதைப் பெருந்தன்மை என்பீர்கள். நான் வியாபாரி, விவரம் என்பேன். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்... அவன்தான் தலைவன்!

சரி, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சங்கக் கட்டடத்தில் எந்தத் தலைவர் படத்தை மாட்டுவது என்று முட்டி மோதிக்கொண்டிருக்கிறோமே, அதற்குத்தான். சரக்கெடுக்க நான் வெளிமாநிலம் போகிறேன். "உங்க பக்கம் பள்ளிக்கூடத்துல சோறு போடறாங்களாமே? குக்கிராமத்துக்கும் பஸ் போகுதாமே?" என்று கேட்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்தி, ஆமாம் என்கிறேன். "யார் செஞ்சது?" என்கிறார்கள். ஒரு பெயர் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்? ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவர் நிறுத்தாமல் பெருக்கினார். அவரைத் திட்டிக்கொண்டே இன்னொருவர் வந்து முட்டை சேர்த்தார்!

ஓர் ஆள் கட்டினால் அது கடை. எத்தனையோ பேர் கட்டினால்தான் அது மாநிலம். நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் எல்லார் படத்தையும் மாட்டுங்கள். வெளியூர்க்காரன் வந்து, "இதுல உங்க ஆளு யாரு?" என்று கேட்டால்... விரலை நீட்டித் தேடாதீர்கள். "அத்தனை பேரும்" என்று சொல்லுங்கள். வாய் நிறையச் சொல்லுங்கள்!