சுகர் அளவும் ஒரு பொட்டலம் ஜிலேபியும்

மகளை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவளோடு புனேயில் போசரி போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி; மனைவி மடியில் ஒரு ஜிலேபிப் பொட்டலம். கணவர்தான் ஆரம்பித்தார்.

"போன வருஷமும் இதே அளவுதான். அப்ப சுகர் இல்லேன்னாங்க. இப்ப லிமிட்டைக் குறைச்சுட்டு, எனக்குச் சுகர்ங்கிறாங்க!"

"பெரிய டாக்டருங்க கூடிப் பேசித்தான் குறைச்சாங்களாம்."

"அந்தக் கூட்டத்துல பேடா குடுத்திருப்பாங்கல்ல?"

"நீங்க பாக்டரில செஞ்ச பீஸை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர்தானே? டிராயிங்ல அளவு மாறினா பீஸை ரிஜெக்ட் பண்றதில்லையா?"

"பழைய டிராயிங்படி செஞ்ச பீஸைப் பழைய அளவுலதான் பாஸ் பண்ணுவோம். நான் பழைய டிராயிங் பீஸ். ஜிலேபியக் குடு."

மனைவி பொட்டலத்தை மடியோடு அழுத்திக்கொண்டார்.

"பழைய பீஸ்தான். உடைஞ்சா ஸ்பேருக்கு நான் எங்க போவேன்?"

அவர் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார்.

"பாதி?" என்றார்.