அந்த நாற்பது நிமிஷம்

"ஓரம் போ! ஓரம் போ!"

மேஸ்திரி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறார். இரண்டு மணி சங்கு ஊதுகிறது. ஷிப்ட் விட்ட சைக்கிள்களும் பைக்குகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகின்றன. என் மடியில் என் வீட்டுக்காரர் முருகையனின் தலை. பின்மண்டையில் துண்டை வைத்து அழுத்துகிறேன்.

அன்று என் வீட்டுக்காரருக்கு லீவு. வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கினார். தொப்பென்று ஒரு சத்தம். "ஒண்ணும் ஆவல, எழுப்பி வுடு" என்றார். மேஸ்திரி வீடு அடுத்த தெரு. அவரிடம்தான் இவருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஓடிப்போய் ஆட்டோ பிடித்ததும் அவரே.

2.12. எமர்ஜென்சி வாசல். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிடுகிறது. கூட ஒருவர்தான் வரலாம் என்கிறார்கள். மேஸ்திரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

2.15. சிஸ்டர் பிரஷர் பார்க்கிறார். விரலில் கிளிப் மாட்டுகிறார்.

"வேற வியாதி இருக்காம்மா? மாத்திரை எதாவது சாப்புடுறாரா?"

கதவைப் பார்த்தேன். மேஸ்திரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க."

வாயில் ஊறிப்போன பதில். போன வருஷம் இவர் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. வெளியே தெரிந்தால் கேட் பாஸ் போய்விடும், வேலையும் போய்விடும் என்று பயந்தோம். யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாங்களாகவே பயந்தோம். யார் கேட்டாலும் ஒண்ணும் இல்லை. இவரும் மறுத்துப் பேசவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் வந்து அதையே கேட்டார். எனக்கு எரிச்சல். "எத்தன தடவைங்க சொல்றது? ஒண்ணும் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் நினைவோடு பேசுகிறார். காயம் சின்னது. ஸ்கேனுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த நெஞ்சுவலிக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் சும்மா இருப்பேனா?

"மொதல்ல வந்தது நாங்க!"

"இங்க வரிசை கெடையாதும்மா. யாருக்கு உசுருக்கு ஆபத்தோ அவங்கதான் மொதல்ல. நீங்க சொல்றத வச்சிதான் நாங்க பாக்கணும்."

சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

2.55. வாந்தி எடுத்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. அப்போதுதான் கத்தினேன்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்புடுறாருங்க!"

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வழி விடுங்க! வழி விடுங்க!" ஸ்ட்ரெச்சர் ஓடுகிறது. ஸ்கேனில் பார்த்தபோது தலைக்குள் ரத்தம் கசிந்து நிறைந்திருந்தது. ராத்திரி முழுக்க மெஷின் பீப், பீப் என்றது. காலை 6.10க்கு நிறுத்தினார்கள்.

வராண்டாவில் மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்மா. சாப்பாட்டு நேரத்துல நான்தான் தெனம் கேப்பேன், மாத்திர போட்டுகினியான்னு. உங்கிட்ட அவரு சொல்லலியா?"

சொல்லவில்லை. பாழாய்ப்போன மனுஷன், என்னிடம் சொல்லவில்லை.

எமர்ஜென்சிக்குப் போகிறவர்களே, மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள். மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள்.

போனவர் ஒருவர். முருகையன், வயது நாற்பத்தாறு. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. கூடவே வீணாய்ப் போனது நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவரால் பேச முடிந்தது. நான் சிஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.