அடிவயிற்றில் விழும் சத்தம்

எனக்குச் சத்தம் ஆகாது, சார். சைலன்சர் கடைக்காரன் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். வீட்டில் மிக்ஸி ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அதனால் என் தங்கை கற்பகம் இத்தனை வருடமும் அம்மியிலேயே அரைத்தாள். நான் கேட்டுக்கொண்டதில்லை. அவளாகவே செய்தாள்.

பாலையாவின் வண்டிக்குச் சைலன்சர் மாற்றியது யார் என்றுதானே கேட்டீர்கள். நான்தான். முதலில் வந்த அதிகாரி இதைக் கேட்கவில்லை. தற்செயலாக நடந்த சாவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது பாலையாவின் தம்பி மனுக் கொடுத்திருப்பதால் நீங்கள் வந்து கேட்கிறீர்கள். கேட்காததை நானாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் சன்னதியில் விளக்கேற்றுகிறவன் நான். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன்தான், என்றாலும் மனதில் கிடப்பது எனக்குத் தமிழில்தான் வெளியே வரும்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கலாம். பஜார் ரோட்டுக்குப் பின்னால், பழைய சுக்குக் கிடங்கின் ஒரு பகுதி. வாசலில் ஒரு பானையில் தண்ணீர் வைத்திருக்கிறேன், மூட்டை தூக்குகிறவர்கள் குடிப்பதற்கு. கைவண்டியின் அச்சு முறிந்து யாராவது வந்தால் வெல்டிங்குக்குக் காசு வாங்குவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெரிய தருமம் செய்ய வசதி இல்லாதவன் சின்னச் சின்ன உதவியாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன் நான். செல்லதுரை எப்படிப்பட்டவன் என்று அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு கற்பகத்தை வளர்த்தது நான். கார்ப்பரேஷன் அலுவலகத்தில் அவளுக்கு அட்டெண்டர் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்ற யோசனைதான். இவளுக்கும் வரன்கள் வராமல் இல்லை. ஒருவன் குடிப்பவன் என்று எனக்குத் தோன்றியது. ஒருவனுடைய தாயார் உரக்கப் பேசினாள். கலூரில் ஹோட்டல் வைத்திருந்தவனிடம் ஒரு குறையும் இல்லை, ஆனால் கலூர் தூரம். எல்லோரையும் காபி கொடுத்து, வாசல் வரை வந்து, மரியாதையாகத்தான் அனுப்பினேன். நாற்பது வயதுக்குப் பிறகு யாரும் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

பிறகு பாலையா வந்தான். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன், எங்களுக்கு அடுத்த சந்தில் வாடகைக்கு இருந்தான். ஏதோ சான்றிதழ் வாங்கக் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்குப் போனவன் அங்கே கற்பகத்திடம் பேசிப் பழகியிருக்கிறான். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"அண்ணே, நான் அவரைக் கட்டிக்கிறேன்."

"என்னைக் கேக்குறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

அந்த ஒரு சொல்லைத் தவிர அவள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

நான் அவனிடம் குறை தேடினேன். கிடைக்கவில்லை. குடி இல்லை. முதல் மனைவியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். ஒரு தடவை என் கடைக்கு வந்தவன் வெல்டிங் புகை வெளியே போக வழி இல்லாததைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து தானே மாட்டினான். "அளியா, இந்தப் புகையில நின்னா நெஞ்சு கருவாடாப் போகும். பெண்ணு தர்ற ஆளு கொஞ்ச நாள் இருக்கணும்ல" என்று சிரித்தான். மச்சான் என்பதை மலையாள வழக்கில் அளியா என்றுதான் சொல்வான். அந்த ஃபேன் இன்றைக்கும் ஓடுகிறது. நல்ல காற்று.

கல்யாணத்துக்குப் பிறகு இடப்பள்ளியில் குடியேறுவதாக முடிவு செய்திருந்தார்கள். வீடும் பார்த்துவிட்டார்கள். "நீயும் எங்க கூட வந்துரு அண்ணே" என்று கற்பகம் கூப்பிட்டாள். அவள் மனதாரத்தான் கூப்பிட்டாள். எனக்கு அங்கே என்ன இருக்கிறது, சார். இங்கே அவள் எனக்குச் சமைத்துப் போடும் வீடு இருக்கிறது.

கல்யாணத்துக்காகவே அவன் அந்த வண்டியை வாங்கினான். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற க்ரூசர் வண்டி, வேறொருவர் ஓட்டி விற்றது. நேரே என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சத்தம் போதாது அளியா. வேற ஆளுங்களுக்குப் பண்ணித் தர்றீங்கள்ல, அது மாதிரி வேணும்."

"ஊரைக் கூட்டணுமா?"

"அய்யோ, அது பிள்ளைங்க கேக்குறது. எனக்குக் கனமா வேணும். டெர்மினல்ல சைரன் கேட்டுக் கேட்டு காது பாதி போச்சு. காதுல விழுந்தா எனக்குத் தெரியாது, அடிவயித்துல விழணும். நான் இடப்பள்ளி மேம்பாலம் இறங்கும்போதே கற்பகம் அடுப்புல சாயா வைக்கணும்."

செய்து கொடுத்தேன். கஷ்டமான வேலை இல்லை. கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யத் தேன்கூடு போல ஒரு துண்டும் இருக்கும். எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டு, துளை போட்ட குழாயில் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி உள்ளே வைத்து மூட வேண்டும். சட்டப்படி தவறு, அதற்கு உண்டான அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். புதுப் பஞ்சு முதலில் சரியாகப் படியாது, சத்தம் தகரத்தில் தட்டுவது போல இருக்கும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே வெகுநேரம் மெல்ல ஓடவிட வேண்டும். சூடு ஏற ஏறச் சத்தம் இறங்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதை வண்டிக்காரரே வீட்டில் செய்துகொள்ள வேண்டும், எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி அனுப்புவோம்.

வண்டியை எடுத்துப் போகிறவர்களிடம் நான் எப்போதும் ஒரு வார்த்தை சொல்வேன். திறந்தவெளியில் வைத்து ஓடவிடு, வீட்டுக்குள் வேண்டாம், அந்தக் காற்று வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று. அதைச் சொல்லாமல் நான் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை.

பாலையாவிடம் சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று எழுத வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், குங்குமம் இட்டேன், சூடம் காட்டினேன். அதெல்லாம் மறக்காதவன் இதை மட்டும் எப்படி மறப்பேன்.

அந்த வாரம் வேலியேற்றம், கடல் பொங்கி ஏறும் நாட்கள். காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி எங்கள் சந்துகளில் நின்றது. உப்புத் தண்ணீர் பட்டால் புது வெல்டிங் துருப்பிடித்துவிடும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பலகை போட்டு வண்டியை வீட்டின் முன்னறைக்குள் ஏற்றிவிடுவார்கள். பாலையாவும் அதைத்தான் கேட்டான்.

"தெருவெல்லாம் தண்ணி. உள்ள வச்சே ஓட விடவா அளியா?"

"உன் இஷ்டம். உன் பக்கத்து வீட்டு ஷைலஜா சேச்சியோட புருஷனுக்கு நெஞ்சு வலிதானே" என்றேன்.

அவன் முகம் மாறியது. "ஆமாமா. பாவம். கதவைச் சாத்திக்கிறேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "உள்ள புகை கட்டாதா?" என்றான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாரு. புகை வருதா?"

ஸ்டார்ட் செய்து, குனிந்து பார்த்தான். "வரலையே."

"அப்புறம் என்ன."

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். புகை வரவில்லை. ஜன்னல் வழியாகவும் சத்தம் போகும் என்று அவனே கவலைப்பட்டபோது, கிடங்கில் கிடந்த கெட்டிச் சாக்குகளை எடுத்து உதறி, மடித்து, அவன் வண்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கற்பகம் அவனுக்கு மீன் குழம்பும் சோறும் கொண்டுபோனாள். அவன் சாப்பிட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஷைலஜா சேச்சி வாசலுக்கு வந்து, "பாலையா சேட்டா, இது பைக்கோ அதோ பூரத்தின்டெ வெடிக்கெட்டோ?" என்று கேட்டாளாம், பைக்கா இல்லை பூரத் திருவிழா வாணவேடிக்கையா என்று. அவன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். பிறகு கற்பகத்திடம், "நீ போகும்போது கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ. நம்ம சந்தோஷத்துக்கு அந்த மனுஷன் நெஞ்சு துடிக்கக் கூடாது" என்றிருக்கிறான். ஈரத்தில் ஊறிய கதவு லேசில் சேராது. இவள் இரண்டு கையாலும் இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள். வந்ததும் சேச்சி சொன்னதை எனக்கு நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தம் கேட்டது. காதைக் குத்தும் சத்தம் இல்லை. சுவரில் கை வைத்தால் உணரலாம், அப்படி ஒரு கனம். நல்ல வேலை. சத்தம் ஆகாதவன் நான், அன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போகவில்லை. உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கற்பகம் அவனுக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள்.

"வண்டிச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றேன்.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா அண்ணே?"

"சாயா போடு முதல்ல."

அவள் இஞ்சி தட்டிப் போட்டாள். குடித்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டேன். நான் இரண்டாவது கிளாஸ் கேட்பது வழக்கமில்லை என்பதால் அவளுக்குச் சந்தோஷம். எதிரே உட்கார்ந்து, முகூர்த்தப் புடவையின் கரை கொஞ்சம் அகலமாக இருக்கிறதோ என்று கேட்டாள். அகலம்தான் உனக்கு அழகு என்றேன். நான் அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். எதையும் நினைக்கவில்லை. சாயா நன்றாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தம் இரண்டு முறை தடுமாறி, நின்றது. மூடிய அறையில் எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும் அல்லவா. கற்பகம் தலையை நிமிர்த்திப் புன்னகை செய்தாள்.

"முடிச்சுட்டாரு போல."

ஆமாம் என்றேன்.

அவள் எழுந்துபோய் முகம் கழுவி, தலை வாரி, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஷைலஜா சேச்சி கூப்பிட்டபோது முதலில் ஓடியது நான். கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். ஸ்டூலிலிருந்து சரிந்து, சைலன்சர் பக்கமாகத் தலை வைத்துக் கிடந்தான். தூங்குகிறவன் போலத்தான் இருந்தான். காற்று வரட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, ஜன்னலில் அவன் தொங்கவிட்டிருந்த சாக்குகளை இறக்கினேன். இறக்கியவற்றை மடித்துக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டேன். அதனால்தான் முதலில் வந்த அதிகாரி அவற்றைப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சில சமயம் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரனின் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படாத ஆளாக இருந்திருந்தால் அவன் கதவைத் திறந்து போட்டிருப்பான். கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் அவன் நல்லவன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஷைலஜா சேச்சியின் கணவரைப் பற்றிச் சொன்னேன். கற்பகமும் நல்லவள், அவன் சொன்னதைச் செய்வாள், நான் சொன்னதையும் செய்வாள். அதுவும் தெரியும். இதில் நான் கையால் செய்தது ஒன்றுமே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை சார். அவனைக் கொன்றது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கற்பகத்திடம் இதைச் சொல்ல வேண்டாம். அவள் இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டில் எந்தக் கதவையும் சாத்த மாட்டாள், மழை அடித்து உள்ளே வந்தாலும் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், தலையும் வாரி விடுகிறேன். நான் சாயா கேட்காமல் போயிருந்தால் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்படி இழுத்துச் சாத்தியிருக்கக் கூடாதுல்ல அண்ணே?" என்று மட்டும் கேட்பாள். தெரியாமல் செய்த பாவத்தை அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று நான் அவள் தலையில் கை வைத்துச் சொல்வேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

வேறொருவனாக இருந்தால் குத்திக் காட்டியிருப்பான். கதவைச் சாத்தியது அவள்தான் என்றாலும், ஒரு நாள்கூட நான் அவளைக் குறை சொன்னதில்லை.