முதல் தாள்

எங்கள் கல்லூரி கேன்டீனில் போஹா என்கிற அவல் உப்புமா சுமார்தான். சாய் மட்டும் பிரமாதமாக இருக்கும். அதனால் முக்கியமான வேலைகளை நான் அங்கேயே வைத்துக்கொள்வேன். நீங்கள் விசாரிக்கும் இந்தச் சமாசாரமும் அங்கேதான் நடந்தது, மேடம்.

போன வருடம் நான் மாணவர் பேரவைத் தலைவனாக ஜெயித்தபோது கிடைத்தவை ஓர் அறை, கால் ஆடுகிற மேஜை, துடைத்து வைத்த கஜானா. விழா நடத்த வேண்டுமானால் வடாபாவ் கடைக்காரரிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டும். பிரின்சிபாலை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் மைக் செட்டுக்குப் பணம் வராது. மாணவர்களுக்காகப் பேசுகிற பேரவை மாணவர்களின் பணத்தில்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. மாணவர் செயல்பாட்டுக் கட்டணத்தை முந்நூறிலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்த்தக் கேட்டேன். பாதிப் பேருடைய கையெழுத்தோடு வா என்றார்கள். இரண்டு வாரம் அலைந்து அறுபத்தொரு கையெழுத்து தேறியது. அதில் பதினெட்டு பேரவை ஆட்களுடையது.

சோனியா நான்கே நாளில் எழுநூறு வாங்கிவிட்டாள், உயர்த்தக் கூடாது என்று. காசர்வாடிப் பெண், பி.காம் கடைசி வருடம். அப்பா போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். எங்கள் மாலை வகுப்பு மாணவர்களில் பாதிப் பேர் பகலில் அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வேலை பார்க்கிறவர்கள். வியாழக்கிழமை அங்கே வார விடுமுறை. அன்றைக்கு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை உண்டு.

கையெழுத்துத் தாள்களின் கட்டை ஓர் உறையில் போட்டு என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். கல்லூரியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஷ்ரேயஸ் அண்ணா, நான் குடுத்தா கிளார்க் ஓரமா போட்ருவாரு. நீங்களே ஆபீஸ்ல ஜமா பண்ணிருங்க. நீங்க அந்தப் பக்கம்தான், ஆனா நம்மாளு. உங்கமேல பரோசா இருக்கு, நம்பித்தான் குடுக்கறேன்."

"நீ கிளாஸுக்குப் போ, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். முதல் தாளில் மட்டும்தான் மராத்தியில் கோரிக்கை எழுதியிருந்தாள். மீதி எல்லாத் தாளிலும் பெயர், ரோல் நம்பர், கையெழுத்து, அவ்வளவுதான். சாய் ஆறுவதற்குள் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி அந்தத் தாளை எடுத்தேன். கட்டண உயர்வுக்கு எங்கள் முழுச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்துக் குத்தினேன். மறுபடி உறையில் போட்டு ஒட்டி, மேலே அவள் பெயரை எழுதி ஆபீசில் கொடுத்தேன். ஒரு கையெழுத்தைக்கூட நான் போலியாகப் போடவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டண அறிவிப்பு வந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்களிடம் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு வேறொன்றுக்கு விற்றுவிட்டாயே என்றார்கள். விஷயம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போனது. மூன்று பேர் குழு. மாணவர் பிரதிநிதி நான்.

சோனியா அழவில்லை. மராத்தியில் நிதானமாகத்தான் பேசினாள். ஆபீசில் யாரோ தாளை மாற்றிவிட்டார்கள் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நான் என்ன எழுதினேன்னு உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க."

நான் உறையைப் பிரித்தே பார்க்கவில்லை என்று குழுவிடம் சொன்னேன். அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேரவை என்பது தனி ஆள் இல்லை, ஆயிரத்து முந்நூறு பேர். தேர்வு எழுதத் தடை என்று முடிவானது. நானும் கையெழுத்திட்டேன். அவள் இப்போது போசரியில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலைக்கு இருக்கிறாளாம். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்க முடியாமல் அவள் அப்பா வீட்டை மாற்றிவிட்டார்.

புதுக் கட்டணத்தில் பேரவை அறைக்கு வெள்ளையடித்தபோது, பெயின்டர்கள் நகர்த்திய அலமாரிக்குள் அவளுடைய முதல் தாள் கிடைத்திருக்கிறது. எழுத்து முத்து முத்தாக இருந்ததால் அன்றைக்குக் கிழித்துப்போட மனம் வரவில்லை. அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. மாற்றியது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.

ஒன்றே ஒன்று. குழுவில் மற்ற இருவரும் மூன்று வருடத் தடை என்றார்கள். பாவம், நம் தமிழ்ப் பெண்ணாயிற்றே என்று வாதாடி அதை இரண்டாகக் குறைத்தவன் நான். அதற்கு அவள் இன்றுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.